பெலிக்ஸ் சார் போட்டுவைத்த தாழ்ப்பாள்

செய்தி வந்தபோது நான் விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பிரின்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். பெலிக்ஸ் சாரின் மனைவி ரீட்டா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு. "கலா, அவரு பூட்டாருப்பா" என்றார். பின்னால் யாரோ ஜெபமாலை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். "வர்றேன்க்கா" என்று போனை வைத்தேன். உடனே கிளம்பினேனா என்றால் இல்லை. பிரின்டரைச் சரிசெய்து, ஒரு தாளை அச்சிட்டு, அதில் எண்கள் ஒழுங்காக விழுந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். என்ன பிறவி இவள் என்று அந்த லேப் பெண் நினைத்திருப்பாள். திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், கூட வேலை செய்தவள் நீதான், எழுதிக் கொடு என்று ரீட்டா அக்கா கேட்டார். இதைப் படிக்கப்போகிறவர்களில் சிலருக்கு அவர் கோவில் பாடற்குழுவின் பெலிக்ஸ். சிலருக்கு எங்கள் அலுவலகத்தின் பெலிக்ஸ் சார். கம்ப்யூட்டர் வேலை தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். புரிந்தே ஆக வேண்டும், அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் அலுவலகம் சிறியது. சுற்று வட்டாரத்துப் பரிசோதனை லேப்கள் ரிப்போர்ட் அச்சிடும் மென்பொருளை நாங்கள் எழுதுகிறோம். சென்னையில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு, பிரம்மதேசத்தில் மாமனார் நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று குடும்பத்தோடு திரும்பி வந்தவள் நான். முதல் நாள் அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டேன். நாங்கள் நிரல் எழுதுகிற இடத்துக்கு எடிட்டர் என்று பெயர். இன்றைய எடிட்டர்களுக்கு நாம் என்ன எழுதுகிறோம் என்பது தெரியும். சொற்களுக்கு ஏற்பக் கலர் மாற்றும், நாலு எழுத்து தட்டினால் மீதியைத் தானே போடும், தப்பென்று தோன்றினால் கீழே சிவப்புக் கோடு இழுக்கும், இப்படித் திருத்தட்டுமா என்று கேட்கவும் செய்யும். பெலிக்ஸ் சாரின் திரையில் இது எதுவும் இல்லை. கறுப்பில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். "என்னா சார், டி.வி.யில கலர் வந்து எத்தினி வருஷமாச்சி" என்றேன். "நீங்க கலர்ல பாருங்க மேடம், நான் எழுத்துல பாக்கறேன்" என்றார். என் வயதுக்காரர்தான், என்னைவிட ஒரு வருடம் மூத்தவர். ஆனாலும் கடைசி வரை மேடம்தான், ங்கதான்.

வந்த மாதமே ஒரு போட்டி வைத்தேன். ஒரு பெயரை நாற்பது ஃபைல்களில் மாற்ற வேண்டியிருந்தது. பாதியை நீங்கள் எடுங்கள், பாதியை நான் எடுக்கிறேன் என்றேன். என் எடிட்டரிடம் சொன்னேன், ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டது. அவர் மதியச் சாப்பாடு வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினார். நான் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக் கேலி செய்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க, சரி. எத்தினி ஃபைலு பாத்தீங்க?" என்று கேட்டார். "எதுக்குப் பாக்கணும்?" என்றேன். அவர் பார்த்த இருபதில், யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்காகக் கிடந்த இரண்டு தப்புகளைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார். அதற்காக நான் என் எடிட்டரை விட்டுவிடவில்லை. அவரும் என்னை விடச் சொல்லவில்லை.

வாதம் மட்டும் ஓயவில்லை. இத்தனை அனுபவம் இருக்கிறவருக்கு இந்த உதவி வந்தால் இன்னும் ஜல்தியாகப் போகலாமே, என்ன வீம்பு என்பேன். ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து முயன்று பார்த்தார். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். "ஒரே பேஜாரா இருக்குதுங்க. பாதி வரி எழுதறதுக்குள்ள தப்பு தப்புன்னு கோடு போடுது. பாதி எழுதின வரி தப்பு இல்லீங்க, பாதி எழுதினது, அவ்ளோதான். நான் யோசனை பண்ணிக்கினு இருக்கறப்ப யாரோ தோளைத் தட்டிக்கினே இருக்கற மாதிரி இருக்குது" என்றார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அது நல்லதுதான் என்பதையும் அவர் ஒத்துக்கொண்டார். அவர் சண்டை எல்லாம் தன்னைப் பற்றியதுதான்.

இனி அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிரலில் திறந்த அடைப்புக்குறியை எல்லாம் மூட வேண்டும். ஒன்றை மூடாமல் விட்டாலும் மொத்த மென்பொருளும் உருவாகாமல் நின்றுவிடும், லேப்களுக்கு அனுப்பவே முடியாது. பெலிக்ஸ் சார் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தால், அந்த இடத்தில் வேண்டுமென்றே ஓர் அடைப்புக்குறியைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். யாரும் தெரியாமல் அந்த அரைகுறையை வெளியே அனுப்பிவிட முடியாது. "தாழ்ப்பாள் போட்டுட்டேன்" என்பார். பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அதைச் சொல்வது அவர் வழக்கம். "பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி வச்சா போதாதா?" என்று கேட்டிருக்கிறேன். "குறிப்பை யாருங்க படிக்கிறாங்க? தாழ்ப்பாள் போட்டிருந்தா நின்னுதான் ஆவணும். நின்னா பாப்பீங்க" என்றார். எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. ரிப்போர்ட்டில் அளவு எல்லை மீறினால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எல்லைகளைத் தனியாக எழுதும் வேலையில் அவர் இருந்தார். பழைய எல்லையை எடுத்துவிட்டார், புதியதை இன்னும் வைக்கவில்லை. அப்போது அவருக்கு வயிற்றில் வலி, புதுச்சேரியில் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் விடுப்பு. தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார். போகும்போது சொன்னாரா என்று உங்களில் யாராவது கேட்டால், சொன்னார். நானும் "சரிங்க சார், ஒடம்பைப் பாருங்க" என்றேன்.

மறுநாள் ஒரு லேப்காரர் ரிப்போர்ட்டின் தலைப்பில் விலாசத்தை மாற்றச் சொன்னார். அதே ஃபைல். திறந்தேன், விலாசத்தை மாற்றினேன். கடைசி வரியின் கீழே சிவப்புக் கோடு. ஒரு நாளைக்கு அப்படி நூறு கோடு பார்க்கிறவள் நான். படிப்பதே இல்லை, விரல் தானாகப் போகும். அடைப்புக்குறி ஒன்று குறைகிறது, போடட்டுமா என்று எடிட்டர் கேட்டது. ஒரு தட்டு தட்டினேன். போட்டுவிட்டது, கோடு மறைந்தது, மென்பொருள் உருவாகிவிட்டது. விலாசம் சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்த்து எல்லா லேப்களுக்கும் அனுப்பிவிட்டு, வெயில் தாழ்வதற்குள் மல்லாட்டைக் கடலையை உலர்த்த வேண்டும் என்று வீட்டுக்குக் கிளம்பினேன். அவர் எடிட்டரில் நான் அதைத் திறந்திருந்தால் எங்கே குறி குறைகிறதென்று கண்ணால் தேடியிருப்பேன். தேடியிருந்தால் அந்தக் காலி இடத்தைப் பார்த்திருப்பேன். பழியை எடிட்டர் மேல் போட இதை எழுதவில்லை. அது கேட்டது. சரி என்றவள் நான்.

மூன்றாம் நாள் அவர் வந்து ஃபைலைத் திறந்தார். "மேடம், இங்க ஒரு தாழ்ப்பாள் வச்சிருந்தேனே" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய எல்லையைத் திரும்ப வைத்து அனுப்பிவிட்டு, இரண்டு நாளில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் யார் யாருக்கு ரிப்போர்ட் போயிருக்கிறது என்று லேப் லேபாகப் போன் செய்தார். அத்தனை பேருக்கும் எண்கள் சரியாகத்தான் அச்சாகியிருந்தன. நட்சத்திரம் மட்டும் இல்லை. நட்சத்திரம் விழுந்தால்தான் லேப்காரர்கள் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வார்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்வார்கள். மாலைக்குள் ஒருவரைத் தவிர எல்லாரும் நலம் என்று தெரிந்தது. கண்டாச்சிபுரம் தாண்டி ஒரு கிராமத்தில் ஓர் அம்மா. சிறுநீரகக் கோளாறு உள்ளவர், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடந்திருக்கிறது. முந்தின நாள் காலையிலேயே வீட்டில் இறந்துபோயிருந்தார்.

அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நானும் அந்த ஊருக்குப் போனேன். துக்க வீட்டில் கூட்டம் கலைந்திருந்தது. மகன் வெளியே வந்தார், நாற்பது வயது இருக்கும், மொட்டையடித்திருந்தார். பெலிக்ஸ் சார் நட்சத்திரம் விடுபட்டுப்போனதைச் சொன்னார். மகன் உள்ளே போய் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்து விரித்தார். "ஸ்டாரு இல்லியேங்க, அம்மா நல்லாத்தான் இருக்குதுன்னு இட்டுக்கினு வந்துட்டோம். இல்லன்னா நேரா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம்" என்றார். பிறகு அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "நம்பரு சரியாத்தானே போட்டிருக்குது? அப்ப நான்தானே பாக்கல?" என்று கேட்டார். "நீங்க பாக்க வேண்டியது இல்லீங்க. அதைப் பாக்கத்தான் நாங்க இருக்கோம். தப்பு என்னுது" என்றார் பெலிக்ஸ் சார். எங்களுது என்று சொல்லவில்லை. என்னுது என்றார். நான் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பைக் பக்கத்தில் நின்றிருந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். ஏன் சார் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், வெட்கத்தில் எனக்குக் கோபம்தான் வரும். "தாழ்ப்பாளும் தப்பும் பாக்கறதுக்கு ஒண்ணாட்டமே இருந்தா, பாக்கறவங்க என்னா பண்ணுவாங்க? அப்பிடி வச்சது நான்தானே" என்றார். அப்புறம், "ஸ்கேன் ரிப்போர்ட்டு வந்துடுச்சிங்க. நல்லா இல்ல. நீங்க இன்னும் ரொம்ப நாளு வேலை செய்யணும். ரெண்டு பேரு பேரும் எதுக்குக் கெடணும்?" என்றார். நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் வியாதியைக் கேட்டு அழுதேன், உண்மைதான். ஆனால் அந்த அழுகைக்கு அடியில் அப்பாடா என்று ஒன்று இருந்தது. அதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

முதலாளிக்கும் அவர் அப்படியே எழுதிக் கொடுத்தார். முதலாளி நல்ல மனிதர், ஆனால் நிரல் படிக்கத் தெரியாதவர். எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து, "கலரு இல்லாத எடிட்டர்ல கண்ணை மூடிக்கினு எழுதினா இப்பிடித்தான் ஆவும். நாளையிலருந்து எல்லாரும் கலா மேடம் வச்சிருக்கறதையே போட்டுக்கங்க" என்றார். கேட்டீர்களா கொடுமையை. என் எடிட்டர் தின்ற தாழ்ப்பாளுக்கு அவர் எடிட்டர் மேல் தீர்ப்பு. பெலிக்ஸ் சார் சரிங்க என்றார். நான் குனிந்து குறிப்பு எழுதுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் பாதி நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில், பாதி நாள் அலுவலகத்தில். மருந்து ஏற்ற ஏற்ற விரல்கள் மரத்துப்போயின. கீபோர்டைத் தொட்டால் தொட்ட மாதிரியே தெரியவில்லை என்றார். எழுத்தை மாற்றி மாற்றித் தட்டுவார். அந்த நாட்களில் நாலு எழுத்துக்கு மேல் எடிட்டரே போட்டுவிடுவது அவருக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "இதைப் போயி இத்தினி நாளா திட்டிக்கினு இருந்தேன். வெரலு போனவனுக்கு இதாங்க வெரலு" என்று ஒரு நாள் தானாகவே சொன்னார். சிவப்புக் கோட்டை மட்டும் அணைத்து வைத்திருந்தார். "தப்பை அது சொல்ல வேணாம். தப்பை நான் தேடிக்கறேன்" என்றார். அனுபவசாலிக்கு இந்த எடிட்டர் உதவியா இடைஞ்சலா என்று நாங்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்ட சண்டையில், அதற்கு மேல் யாரும் எதுவும் சொன்னதில்லை. கைக்கு உதவி, கண்ணுக்கு இடைஞ்சல் என்பதுதான் அவர் முடிவு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக அவர் வீட்டுக்குப் போனது இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு. எலும்பும் தோலுமாகக் கிடந்தார். ரீட்டா அக்கா டீ போட உள்ளே போனபோது, "சார், அக்காகிட்டயாவது நான் சொல்லிடறேன்" என்றேன். தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, சரி என்றா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சௌகரியமாக வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடக்கத்தன்று கல்லறையில் மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர், முன்பு எங்களோடு வேலை செய்தவர், என் காதோரம், "தங்கமான மனுஷன். அந்தப் பழைய எடிட்டரைப் புடிச்சிக்கினு தொங்கினாரு பாருங்க, அதுதான் கடைசியில பேரைக் கெடுத்துடுச்சி" என்றார். நான் "ம்" என்றேன். அவர் குழிக்குள் இருக்கும்போது நான் சொன்ன ம் அது. நான்கு நாள் கழித்து ரீட்டா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இத்தினி வருஷத்துல ஒரு நாளும் தப்பு பண்ணாதவரு, அன்னிக்கி மட்டும் எப்படி கலா? நான்தான் ஸ்கேனுக்கு வா வான்னு அவசரப்படுத்திட்டேனா? அதை நெனைச்சிக்கினேதான் அவரு போயிருப்பாரா?" அன்றைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அக்கா என்னிடம் சாருடைய கீபோர்டைக் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்றார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு இடத்துக்குப் போனேன். முதலாளியிடம் சொன்னேன். அவர் நாளைக்குப் பேசலாம் என்றார். பிறகு பஸ் பிடித்துக் கண்டாச்சிபுரம் போய், அங்கிருந்து ஆட்டோவில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். மகன் கேப்பை மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அன்னிக்கி ஹெல்மெட்டு வச்சிக்கினு நின்னுக்கினு இருந்தீங்களே, நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அவரு தன்னுதுன்னு சொன்னாரே" என்றார். அவர் பொய் சொன்னாருங்க என்றேன். மூட்டையைக் கீழே வைத்தார். "அந்த மனுஷனை நான் எத்தினி நாளு சபிச்சிக்கினு இருந்தேன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன், அவர் திரும்ப வரவில்லை.

ரீட்டா அக்கா, இதை முதலில் படிக்கப்போகிறவர் நீங்கள்தான். நேரில் வந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுத மட்டும்தான் வந்தது. ஸ்கேனுக்கு நீங்கள் அவசரப்படுத்தியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சார் அன்றைக்கும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் உங்களோடு பஸ் ஏறினார். இதை மலரில் போட வேண்டாம் என்று தோன்றினால் போடாதீர்கள். ஆனால் கேட்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லுங்கள். நானும் சொல்லுவேன்.

அவர் நினைவாக என்ன வைத்துக்கொள்கிறாய் என்று கடைசியில் எழுத வேண்டுமாம். கீபோர்டை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன், அதை வாங்கிக்கொள்ளும் தகுதி எனக்கு இருக்கவில்லை. ஒன்றரை வருடம் எனக்காக அவர் சுமந்த பழி ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். அது முதலிலிருந்தே என்னுடையதுதான். அலுவலகத்தில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அந்த அடைப்புக்குறிக்கு நேராக என் பெயர் இருக்கிறது.